அறுபத்தொரு தடங்கல்கள்

சேந்தன்துறைக் கடலுக்கு அடி கிடையாது. ஆறாயிரத்து நூறு மீட்டர் வரை இறங்கலாம். அதற்குப் பிறகு இறங்குவதற்கு ஒன்றும் இல்லாததால் ஏறத் தொடங்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் கடைசியில் வண்டியின் தலை ஒரு பனிக்கூரையில் போய் முட்டும். அது வியாழன் கிரகத்தின் நிலவுகளில் ஒன்றின் பனி. அந்தப் பனிக்குக் கீழே கிடக்கிற கடலும் சேந்தன்துறைக் கடலும் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருக்கின்றன. ஊரில் அதை மறுகடல் என்பார்கள். வானம் வழியாகப் போனால் ஆறு வருடம் ஆகிற இடத்துக்குக் கடல் வழியாக ஆறு மணி நேரம். இருந்தாலும் விண்வெளிக்காரர்கள் வானம் வழியாகத்தான் போவார்கள். வழியில் பார்க்க நிறைய இருக்கிறதாம். அவரவர் இஷ்டம்.

துறைமுகத்தில் ஐஸ் பேக்டரியை ஒட்டி மறுகடல் உயிர் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே வண்டி ஓட்டுகிறவள் அமலோற்பவம். வண்டி என்றால் ஓர் இரும்பு உருண்டை. இரண்டு பேர் உட்காரலாம், முழங்கால் இடிக்கும். கூடவே போகிறவர் மெக்கானிக் இருதயராஜ். அவளைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அவளுக்கு அண்ணாச்சி. இருவரும் அறுபத்தொரு தடவை மறுகடலுக்குப் போய் வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். உயிர், பழுது, தடங்கல். உயிர் என்ற கட்டத்தில் அறுபத்தொரு தடவையும் ‘இல்லை’ என்றுதான் எழுதியிருந்தது.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது பதிவாளர் சண்முகவடிவு அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு சொல் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார் அந்த அம்மாள்.

“முப்பத்தொண்ணாம் தேதி சாயந்திரம் அஞ்சு மணிக்குப் பதிவேட்டை மூடுதேன்,” என்றார். “அதுவரைக்கும் உயிர்னு ஒண்ணு பதிவாகலைன்னா மறுகடல் உயிரற்றதுன்னு எழுதணும். இறால் கம்பெனிக்காரங்க குளிர்சாதனக் கிடங்குக்குக் கேட்டிருக்காங்க. கொடுத்துருவேன்.”

நியாயமான ஏற்பாடுதான். அவ்வளவு பனி சும்மா கிடக்கிறது. கம்பெனி ஆட்கள் ஏற்கெனவே பெட்டிகளைக் கொண்டுவந்து படகு அணைகிற ஜெட்டியில் அடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

“அங்க உயிர் இருக்கு மேடம்,” என்றாள் அமலோற்பவம்.

“இருந்தா எழுதுவோம்.”

அமலோற்பவத்துக்கு அங்கே உயிர் இருக்கிறது என்பதில் சந்தேகமே கிடையாது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அவள் ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் புருஷன் தொபியாஸ் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. படகு மட்டும் தானாக வந்து சேர்ந்தது. நங்கூரக் கயிறு ஒழுங்காகச் சுருட்டி வைத்திருந்தது. சோற்றுத் தூக்கு திறக்கப்படாமல் அப்படியே இருந்தது. ஆள் போனதைக் காலப்போக்கில் அவள் எப்படியோ தாங்கிக்கொண்டாள். சாப்பிடாமல் போனார் என்பதைத்தான் அவளால் தாங்கவே முடியவில்லை. அன்றைக்குக் காலையில் மோர் புளித்துவிட்டது என்று இருவருக்கும் இரண்டு வார்த்தை தடித்துப் போயிருந்தது வேறு. அடுத்த வருடம் நிலையத்துக்கு வந்து, அந்தக் கடலில் எனக்குத் தெரியாத இடம் ஒன்றும் இருக்கக் கூடாது, வேலை கொடுங்கள் என்று கேட்டாள். கொடுத்தார்கள்.

மூன்று நாளில் இரண்டு நாளை அவள் பழைய பதிவேடுகளைப் படிப்பதில் செலவழித்தாள். மறுகடல் பதிவேடுகளை அல்ல. இந்தப் பக்கத்துக் கடலை முதன்முதலில் ஆராய்ந்த காலத்துப் பதிவேடுகளை. இருதயராஜுக்கு அது பிடிக்கவில்லை.

“தேடுத இடம் அங்க. நீ இங்க கிடந்து புரட்டுதியே.”

“இங்க எப்பிடிக் கண்டுபிடிச்சோம்னு பாக்குதேன் அண்ணாச்சி.”

அந்தக் காலத்தில் இந்தக் கடலின் ஆழத்திலும் ஒன்றும் கிடையாது என்றுதான் எழுதி வைத்திருந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். வெயில் இல்லை, செடி இல்லை, சாப்பாடு இல்லை, ஆகவே உயிர் இல்லை. உயிர் என்ற கட்டம் பக்கம் பக்கமாகக் காலி. பழுது என்ற கட்டம்தான் நிரம்பி வழிந்தது.

தரை நகர்கிறது என்று மூன்று வருடம் தொடர்ந்து எழுதியிருந்தார்கள். ஒலி அனுப்பி ஆழம் பார்க்கிற கருவி நானூறு மீட்டரில் தரை இருப்பதாகக் காட்டியது. அந்தத் தரை சாயந்திரமானால் மேலே வரும், விடிந்தால் கீழே போகும். கருவியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்கள். கடைசியில், அப்போதே அங்கே வேலையில் இருந்த இருதயராஜே ஒரு நாள் வலையை இறக்கிப் பார்த்தபோது தரை வலைக்குள் வந்துவிட்டது. அவ்வளவும் மீனும் கூனி இறாலும். அதேபோல், விளக்கு தானாக மினுக்குகிறது என்று எழுதியிருந்தது பின்னால் பார்த்தால் ஒரு மீன். அதுவும் வண்டியின் விளக்கை அணைத்த பிறகுதான் கிட்டே வந்தது. கண்ணாடியில் அழுக்கு என்று எழுதித் தினமும் துடைத்தது ஜெல்லிபோன்ற ஒரு சொறிமீன். வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் கல் வளர்கிறது என்று எழுதியிருந்தது வெயிலே இல்லாமல் கந்தகத்தைத் தின்று பிழைக்கிற புழுக் கூட்டம்.

இறுகாத திருகாணி ஒன்று என்றும் எழுதியிருந்தது. வண்டியின் அடிப்பக்கத்தில் இருந்த அந்தத் திருகாணியை எத்தனை தடவை முடுக்கியும் அது தளர்ந்தே இருந்தது. ஐந்தாவது வருடம்தான் தெரிந்தது, அது திருகாணியே இல்லை, ஓர் உயிர், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று. ஆழத்தில் இருப்பவை அவசரப்படாது. ஒரு வாய் இரையை மெல்ல ஒரு வருடம் எடுத்துக்கொள்ளும். சண்முகவடிவு அதைக் கண்ணாடிக் குப்பியில் போட்டுத் தன் மேசையில் காகிதம் பறக்காமல் வைத்துக்கொண்டார். இன்றைக்கும் அதே சாப்பாட்டில்தான் இருக்கிறது.

அமலோற்பவம் பதிவேட்டை மூடினாள்.

“உயிருக்குன்னு போட்ட கட்டத்துல எதுவுமே முதல்ல வரலை அண்ணாச்சி. எல்லாம் வேற கட்டத்துலதான் வந்து உக்காந்திருக்கு.”

“அப்ப மறுகடல் பதிவேட்டுல பழுதைப் பாரு.”

பார்த்தாள். பழுது என்ற கட்டம் அறுபத்தொரு தடவையும் காலி. இருதயராஜ் வண்டியைப் பெற்ற பிள்ளைபோல வைத்திருப்பவர். அவருக்கே அன்றைக்குத்தான் அது வருத்தமாக இருந்தது. மிச்சம் இருந்தது தடங்கல் என்ற கட்டம். அதில் அறுபத்தொரு தடவையும் அமலோற்பவத்தின் கையெழுத்திலேயே ஒரே வரி இருந்தது. ‘எங்கே போகிறீர்கள் என்று கேட்கப்பட்டது. திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்பினோம்.’

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சேந்தன்துறையில் புறப்படுகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்கக் கூடாது. கடலுக்குப் போகிறவரை நிச்சயமாகக் கேட்கக் கூடாது. யாராவது கேட்டுத் தொலைத்துவிட்டால் வாயே திறக்காமல் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, புதிதாகக் கிளம்ப வேண்டும். கோயில் மணி அடித்துச் சாமியார் ஜெபித்து அனுப்பினாலும் சரி, இந்த ஒழுங்கு தனி. ஆனால் ஊர் என்று இருந்தால் வாய் என்றும் இருக்குமே. கேட்கக் கூடாது என்று தெரிந்தே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். மறுகடலுக்குப் போகிற வண்டி ஆறாயிரத்து நூறு மீட்டரில் கவிழ்ந்து ஏறத் தொடங்கியதும் வெளியிலிருந்து ஒரு குரல், “எங்க கிளம்பிட்டிய?” என்று கேட்கும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு வண்டியைத் திருப்புவார்கள். திரும்பும் இடத்துக்கே வந்து, நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி ஏறுவார்கள். இரண்டாவது தடவை குரல் கேட்காது. பனிக்கூரைக்குப் போய்ச் சேரும்போது பேட்டரியில் அரைமணி நேரத்துக்குத்தான் தெம்பு இருக்கும். விளக்கைப் போட்டு அங்குமிங்கும் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதித் திரும்புவார்கள்.

பதிவேட்டை அவள் சண்முகவடிவின் மேசையில் விரித்து வைத்தாள். அவர் அறுபத்தொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார்.

“கேட்டது யாரு?”

“தெரியாது மேடம்.”

“அறுபத்தொரு தடவை கேட்டிருக்கு. யாருன்னு பார்க்கலையா?”

“கிளம்பும்போது யாராவது கேக்கத்தானே மேடம் செய்வாங்க.”

சண்முகவடிவு அதை ஒத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் அப்படித்தான். விதிப் புத்தகத்தை எடுத்து ஏழாம் பிரிவைப் பிரித்தார். கேட்டால் மட்டும் உயிராகாது. கேட்டதற்குப் பதில் போக வேண்டும், போன பதிலுக்கு மறுமொழி வர வேண்டும், ஏதாவது சாப்பிடவும் வேண்டும். மூன்றும் பதிவாளரின் காதில் விழ வேண்டும்.

“நாளைக்குப் போய்ப் பதில் சொல்லிட்டு வாங்க,” என்றார்.

அமலோற்பவத்துக்குப் பழையது ஒன்று நினைவுக்கு வந்தது. தொபியாஸ் போன அன்றைக்கும் ஜெட்டியில் யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். எங்க கிளம்பிட்டிய என்று. திரும்பி வந்து தண்ணீர் குடிக்கிற ஆள் இல்லை அவர். சிரித்துக்கொண்டே, “கடலுக்குத்தான். வேற எங்க?” என்று பதில் சொல்லிவிட்டுப் போனார். கேட்டது யார் என்று அவள் பிறகு ஊர் முழுக்க விசாரித்துப் பார்த்தாள். ஒருத்தர்கூட நான்தான் என்று சொல்லவில்லை. அந்த வாயை மட்டும் ஒரு நாள் கண்டுபிடித்தால் என்ன செய்வது என்று அவள் பதினோரு வருடமாக யோசித்து வைத்திருந்தாள். தினமும் ஒன்று தோன்றும்.

“சரி மேடம்,” என்றாள்.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் கரண்ட் இல்லை. பேட்டரி ஏறவே நேரமாகி, வண்டி பத்தரைக்குத்தான் கிளம்பியது. ஜெட்டியில் இறால் பெட்டிகளுக்கு நடுவே ஊரே நின்றது. அன்றைக்கு யாரும் தவறிக் கேட்டுவிடக் கூடாது என்று ஆளாளுக்குத் துண்டையோ முந்தானையையோ வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். இறால் கம்பெனி மேனேஜரும் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். மரியாதை தெரிந்தவர்.

சண்முகவடிவு ஒரு தாளில் பதிலை டைப் அடித்துக் கொடுத்திருந்தார். ‘மறுகடல் உயிர் ஆய்வு நிலையத்திலிருந்து, ஆய்வுப் பணி நிமித்தமாக’ என்று தொடங்கி எட்டு வரி. போகும்போதே அமலோற்பவம் அதை மனப்பாடம் செய்தாள். நானூறு மீட்டரில் மீன்களின் பொய்த்தரை வழிவிட்டது. மூவாயிரத்தில் விளக்கை அணைத்தாள்.

“எதுக்கு?” என்றார் இருதயராஜ்.

“விளக்கோட போனா நம்ம விளக்கைத்தான் பாத்துட்டு வருவோம்.”

இருட்டிலேயே இறங்கினார்கள். ஆறாயிரத்து நூறில் வண்டி வழக்கம்போலக் கவிழ்ந்தது. கீழே இருந்தது மேலே வந்தது. சோற்றுத் தூக்கை இருதயராஜ் முன்கூட்டியே இறுக்கி மூடியிருந்தார். அவள் மோட்டாரையும் நிறுத்தினாள். வண்டி தன் பாட்டுக்கு மெல்ல ஏறியது. கடிகாரத்தில் மணி நாலேகால்.

நாலு இருபத்தைந்துக்கு வெளியிலிருந்து கேட்டது.

“எங்க கிளம்பிட்டிய?”

இருதயராஜின் கை தானாகத் தண்ணீர் பாட்டிலுக்குப் போனது. அமலோற்பவம் பாட்டிலின் மேல் தன் கையை வைத்து அமுக்கினாள். அவளுக்குப் பயமாக இருந்தது. கொஞ்சநஞ்சப் பயமில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. திரும்பினால் அஞ்சு மணி ஆகிவிடும். பனிக்கூரைக்குக் கீழே இறால் பெட்டிகள் வந்துவிடும். மனப்பாடம் செய்த எட்டு வரியைத் தேடினாள். ஒரு வரிகூட வாயில் வரவில்லை. வந்தது வேறு.

“கடலுக்குத்தான்,” என்றாள். “வேற எங்க?”

வெளியில் ஒரு சத்தமும் இல்லை. ஐந்து நிமிடம் போனது, பத்து நிமிடம் போனது. இருதயராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு நாற்பதுக்குக் குரல் மறுபடி வந்தது.

“சாப்டாச்சா?”

அமலோற்பவம் டெலிபோனைச் சுழற்றினாள். வண்டியிலிருந்து நிலையம் வரைக்கும் கம்பி உண்டு, அதுவும் அதே இடத்தில் கவிழ்ந்து வருகிறது. முதல் மணியிலேயே சண்முகவடிவு எடுத்தார்.

“பதில் போயிருச்சு மேடம். மறுமொழி வந்திருக்கு.”

“என் காதுல விழணும். ரிசீவரை வண்டிச் சுவர்ல வைங்க.”

வைத்தாள். குரல் பொறுமையாக இன்னொரு தடவை கேட்டது. அந்த முனையில் சண்முகவடிவு, விதியைப் பார்க்காமல், இத்தனை வருட வழக்கத்தில், “ஆச்சு, நீங்க?” என்று சொல்லிவிட்டார்.

“சாப்டுக்கிட்டுதான் இருக்கோம்,” என்றது குரல்.

கொஞ்ச நேரம் கம்பியில் காகிதம் புரளும் சத்தம் வந்தது. பிறகு பதிவாளரின் குரல் வந்தது. “கேட்டிருக்கு. மறுமொழி சொல்லியிருக்கு. சாப்பிடுது. மூணும் சரி. மணி நாலு அம்பத்தொண்ணு.” அதைத் தொடர்ந்து முத்திரை விழுகிற சத்தம் கேட்டது. டம் என்று ஒரு தடவை. இறால் பெட்டிகளை எடுக்கச் சொல்லி யாரையோ அவர் கூப்பிடுவதும் கேட்டது.

இருதயராஜ் பேனாவை எடுத்து, அறுபத்திரண்டாவது வரியில், உயிர் என்ற கட்டத்தில், ‘உண்டு’ என்று எழுதினார். எழுதி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அமலோற்பவத்துக்கும் சந்தோஷம்தான். ஆனால் பயம் தெளிந்தபிறகு வேறொன்று அவளைப் பிடித்துக்கொண்டது. அந்தக் குரல். ‘எங்க கிளம்பிட்டிய’ என்பதில் கடைசி எழுத்தை லேசாக இழுக்கிற அந்த இழுவை. ஜெட்டியில் அன்றைக்கு அவளும் நின்றாள். அவள் காதிலும் விழுந்தது.

அவள் சுவரில் காதை வைத்தாள்.

“எங்க ஜெட்டிக்கு வந்திருக்கியளா?”

“வருவோம். நாங்களும் தேடுதோம்லா, உங்க பக்கம் உயிர் இருக்கான்னு. நேர்ல கேக்குறதுதான் எங்க முறை. கேட்டா எல்லாரும் வாயைத் தொறக்காம திரும்பிப் போயிருதிய. உங்க வண்டிய நாங்க பழுதுன்னு எழுதி வச்சிருக்கோம்.”

இருதயராஜ் முகம் சுருங்கியது. பழுது என்ற சொல் அந்த வண்டிக்கு ஆகாது.

“ஒருத்தர்கூடப் பதில் சொல்லலையா?” என்றாள் அமலோற்பவம்.

“ஒரே ஒருத்தர் சொன்னார். இப்ப நீங்க சொன்ன அதே பதில். உங்க பக்கத்துல உயிர்னு எங்களுக்குப் பதிவானது அவர் மட்டும்தான்.”

இந்த வாய்க்காக அவள் பதினோரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தது நிறைய. எல்லாவற்றையும் ஒரு தடவை நினைத்துப் பார்த்தாள். எதுவும் அந்த நேரத்துக்குப் பொருத்தமாகப் படவில்லை.

“அவர் இப்ப எங்க?” என்றாள்.

கேட்ட பிறகுதான் கேட்கக் கூடாததைக் கேட்டோமோ என்று தோன்றியது. ஆனால் குரலுக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

“எங்கயும் போகலை. உள்ள உக்காந்து சாப்பிடுதார். பசியோட வந்தார், வந்த உடனே இலை போட்டுட்டோம். முடிச்சிட்டு வரட்டுமேன்னு விட்டுட்டோம்.”

“எதுவரைக்கும் வந்திருக்கார்?”

குரல் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

“குழம்பு முடிஞ்சிருச்சு. ரசம் ஊத்தியிருக்கு.”

அமலோற்பவம் ஆழத்துச் சாப்பாட்டுக் கணக்கில் விரல் விட்டு எண்ணினாள். குழம்புக்குப் பதினோரு வருடம். ரசத்துக்கு அவர் எப்போதுமே குறைவாகத்தான் எடுத்துக்கொள்வார், நாலு வருடம் வைத்துக்கொள்ளலாம். மோருக்கு ஒரு இரண்டு. அவளுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது ஆகியிருக்கும். வண்டி அதுவரைக்கும் தாங்குமா என்று இருதயராஜைப் பார்த்தாள். தாங்கும் என்று அவர் தலையாட்டினார்.

“அவசரப்படுத்தாதிய,” என்றாள் அவள் சுவரைப் பார்த்து. “வேகமாச் சாப்பிட்டா அவருக்கு விக்கும்.”

“சரி.”

“அடுத்தாப்ல ஊத்துற மோர் மட்டும் புளிப்பில்லாததாப் பாத்து ஊத்துங்க. புளிச்சது அவருக்கு ஆகாது.”

அதையும் எழுதி வைத்துக்கொள்வதாகக் குரல் சொன்னது. எந்தக் கட்டத்தில் என்று அவள் கேட்கவில்லை. இருதயராஜிடமிருந்து பாட்டிலை வாங்கி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, வண்டியைத் திருப்பினாள்.